முதுகுப்பையும் சாவிக்கொத்தும்

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதற்கென்று ஒரு வயது உண்டு. அந்த வயதில் நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அந்த ஆசை வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குத்தான், எனக்காக, வந்தது.

"கொடி பிடிச்சவர் பின்னாடி ஓடி, தயிர்சாதம் போடலைன்னு டூர் மேனேஜரோட சண்டை போட்டுட்டு வர்றதுக்குப் பேரு டிராவலாப்பா? நீயும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பேக்பேக் போட்டுட்டுக் கிளம்புங்க. ஹாஸ்டல்ல தங்குங்க. நாலு பேரோட பேசுங்க."

நாலு பேரோடு பேசுவதற்குத் திருச்சி போதாதா என்ற கேள்வி வாய்வரை வந்தது. டிக்கெட் அவள் காசு என்பதால் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அங்கோர் வாட் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. மலிவாகக் கிடைத்த விமானமோ கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்குப் போயிற்று. அங்கே இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து அங்கோர் போக வேண்டும் என்பது மகளின் உத்தரவு. அங்கோர் வாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது முதலில் இறங்கிய ஊரைப் பற்றி.

முதுகுப்பைக்காரனின் தர்மம் 'குறைவாக எடு' என்பதாம். குடும்பஸ்தனின் தர்மம் 'எதுக்கும் இருக்கட்டும்.' என் பையில் ஜெயித்தது இரண்டாவது. கொடிக்கயிறு, அதற்குக் கிளிப்புகள், ஒரு டார்ச்சு, அது கெட்டுப்போனால் இன்னொரு டார்ச்சு, பாஸ்போர்ட் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், எல்லாவற்றிலும் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்து. ரயிலில் பெட்டியை சீட்டுக்கடியில் கட்டிவைக்கும் சங்கிலியும் பூட்டும் கூட.

"சங்கிலி எதுக்குங்க? நாம ரயில்லயா போறோம்?"

"எதுக்கும் இருக்கட்டும்."

இத்தனைக்கும் மேல் சாவிக்கொத்து. வாசல் கதவு, கொல்லைக் கதவு, பீரோ, பீரோவுக்குள் இருக்கும் லாக்கர், மோட்டார் ரூம், மொட்டைமாடி, ஸ்கூட்டர், பக்கத்து வீட்டு மாமி நம்பிக் கொடுத்து வைத்திருக்கும் அவர்கள் வீட்டுச் சாவி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத இரண்டு சாவிகள். அந்த இரண்டைத் தூக்கிப்போட மனம் வராது. என்றைக்காவது பூட்டு கிடைத்துவிட்டால்? விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி, சங்கிலியையும் சாவிக்கொத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஜெயிலில் வேலை என்று கேட்காததுதான் பாக்கி.

விடுதி ஆற்றங்கரையை ஒட்டி. எல்லோரும் ஒரே அறையில், அடுக்குக் கட்டில்களில். எனக்கு விதித்திருந்தது மேல்தட்டு. மூத்த குடிமக்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டா என்று வரவேற்பில் இருந்த பையனிடம் விசாரித்தேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. ஏணியில் நான் கால் வைத்தபோது முழங்கால் எழுப்பிய ஓசையைக் கேட்டு, கீழே புத்தகம் படித்துக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பெண் ஒருத்தி தானாகவே எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டாள். நன்றிக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன். பிறகு அறையே வேடிக்கை பார்க்க, பையைக் கட்டில் காலோடு சங்கிலியால் கட்டிப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தேன். என் குறட்டையைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. மறுநாள் காலை எல்லோர் காதிலும் பஞ்சு இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் வாசலில் நிற்கிறது பஜாஜ் ஆட்டோ. கடல் தாண்டி வந்து, முப்பது டாலர் விசா கட்டி, முத்திரை குத்திக்கொண்டு, ஏறி உட்காருவது அதே ஆட்டோவில். ஆனால் செயலியில் கூப்பிட்டால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. "மேல போட்டுக் குடுங்க சார்" இல்லை. பேரம் பேசாமல் ஆட்டோவில் ஏறுவது எனக்குப் பல் விளக்காமல் காபி குடித்த மாதிரி இருந்தது.

செயலியில் சேராத டிரைவர்கள் தெருமுனையில் நின்று, வெளியூர் முகம் எதைப் பார்த்தாலும் ஒரே மூச்சில் ஒரே பட்டியலைச் சொல்கிறார்கள்: "கில்லிங் ஃபீல்ட்? எஸ்-21? ரஷ்யன் மார்க்கெட்?" கொலைக்களம், சித்திரவதைக்கூடம், கடைத்தெரு. நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்களாம். என் மனைவி முகத்தைச் சுளித்தாள். எனக்கு அந்த டிரைவர்மேல் கோபம் வரவில்லை. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளுக்கு முன்னால் நின்று சங்குமாலை பேரம் பேசி, வயிறாரச் சாப்பிட்டு, கும்பலாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பம்தான் எங்களுடையது.

எஸ்-21 என்பது துவோல் ஸ்லெங். ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். 113-ஆம் தெருவில், துணி காயும் பால்கனிகளுக்கு நடுவில் இருக்கிறது. வாசலில் ஒரு பலகை: சிரிக்கும் முகம் ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. உள்ளே சிரிக்கக் கூடாது.

"உங்க கட்டுரையெல்லாம் இவங்களும் படிச்சிருக்காங்க போல" என்றாள் மனைவி. அன்று அவள் அடித்த கடைசி கேலி அது.

1962-இல் உயர்நிலைப் பள்ளியாகக் கட்டிய இடம். மாடிக் கட்டடங்கள், நீளத் தாழ்வாரம், நடுவில் மைதானம், நிழலுக்கு மரங்கள். நான் படித்த பள்ளிக்கூடமும் ஏறக்குறைய இதே சாடைதான். 1975 ஏப்ரல் 17 அன்று நகரத்தைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம், பிறகு இதைச் சிறையாக்கியது. வகுப்பறைகளுக்குள் ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு மட்டும் செங்கல்லாலும் பலகையாலும் தடுத்துக் கொட்டடிகள் செய்தார்கள். தாழ்வாரங்களை முள்கம்பி வலையால் மூடினார்கள், கைதிகள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்காக. சிறைத் தலைவன் டுச், முன்னாள் கணக்கு வாத்தியார். கரும்பலகைகள் இன்னும் சில அறைகளில் இருக்கின்றன.

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் தளத்தில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு தரையைப் பார்க்கும். குடும்பஸ்தனின் வியாதி. இங்கே தரை கட்டம் கட்டமாக ஓடு பதித்தது. "நம்ம பழைய வீட்டுக் கூடம் மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி, மெதுவாக. அந்தத் தரைமேல் ஓர் இரும்புக் கட்டில். கட்டிலில் கால்விலங்கு. ராத்திரி நான் பையைப் பூட்டிய விதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மீதி நேரம் அந்தச் சங்கிலியைப் பற்றி நான் பேசவில்லை.

கைதியைக் கொண்டுவந்தவுடன் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். படம் படமாக, பலகை பலகையாக, முகங்கள். குடும்பத்தோடு பிடித்து வந்தவர்கள் அதிகம்; கைக்குழந்தையோடு நிற்கும் தாயும் உண்டு. இங்கே வந்தவர்கள் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சி.ஐ.ஏ. உளவாளி, கே.ஜி.பி. உளவாளி, வியட்நாம் உளவாளி என்று அடித்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். சூம் மெய் என்ற மெக்கானிக், சி.ஐ.ஏ. என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொன்னார். அவருக்குத் தையல் மெஷினும் டைப்ரைட்டரும் பழுதுபார்க்கத் தெரியும். சிறைக்கு அது தேவைப்பட்டது. அதனால் உயிர் பிழைத்தார். வான் நாத்தும் பூ மெங்கும் ஓவியர்கள். தலைவர் போல் பாட்டின் படத்தை வரையத் தெரிந்ததால் பிழைத்தார்கள். சூம் மெய்யும் பூ மெங்கும் வெகுகாலம் இதே வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து தங்கள் புத்தகங்களை விற்றார்கள்.

இதைக் காதில் மாட்டிய கருவியில் கேட்டுக்கொண்டே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். காலாண்டு வட்டி போடத் தெரியும். கசிகிற குழாயில் துணி சுற்றத் தெரியும், அதுவும் பிளம்பர் வரும்வரை. அரசாங்க விண்ணப்பத்தைத் தப்பில்லாமல் நிரப்பத் தெரியும். போல் பாட்டை அல்ல, ஒரு பூசணிக்காயை வரையச் சொன்னாலும் வராது. என் மனைவிக்கு டெய்லரிங் தெரியும். அவள் ஒருவேளை பிழைத்திருப்பாள்.

கெமர் ரூஜ்காரர்கள் யார் யாரை வேண்டாதவர்கள் என்று பார்த்தார்கள் என்ற பட்டியலும் கருவியில் வந்தது. நகரத்துக்காரன். முந்தைய ஆட்சியில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவன். வாத்தியார். அந்நிய மொழி தெரிந்தவன். மூக்குக்கண்ணாடி போட்டவன்கூடப் படித்தவனாக இருப்பான் என்று சந்தேகத்துக்கு ஆளானான். என் பயோடேட்டாவை யாரோ கம்போடியாவில் வாசிக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டேன். கழற்றினால் எனக்கு அடுத்த அறைக்கு வழி தெரியாது.

மத்தியானம் சோயுங் எக். ஊருக்கு வெளியே சுமார் 15 கிலோமீட்டர். முன்பு பழத்தோட்டம், சிறையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இங்கேதான் கொன்றார்கள். 1988-இல் கட்டிய ஸ்தூபியின் கண்ணாடிக்குப் பின்னால் மண்டையோடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெருமழை பெய்தால் இன்றைக்கும் மண்ணுக்குள்ளிருந்து எலும்பும் துணியும் மேலே வருகின்றன. இதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எழுத நான் ஆளில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் நான் கேட்ட முதல் கேள்வி சாப்பாடு எங்கே என்பது. வெட்கம்தான், ஆனால் மணி மூன்றாகிவிட்டது. மனைவி செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தாள்.

"தலைக்குக் குளிச்சுட்டுத்தான் சாப்பாடு."

"யாரு போயிட்டாங்க நமக்கு?"

"அத்தனை பேரைப் பார்த்துட்டு வந்திருக்கோம். யாருமில்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் விடுதியில் அந்தத் தளத்துக்கு இருந்தது ஒரே குளியலறை. வெளியே துண்டும் சோப்பு டப்பாவுமாக வரிசையில் நின்றேன். முன்னால் ஐரோப்பா முழுவதும் நின்றது. நெதர்லாந்துப் பெண், எதற்கு இந்த நேரத்தில் குளியல் என்று கேட்டாள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் எதையும் தொட மாட்டோம் என்று விளக்கினேன். அவள் சற்று யோசித்துவிட்டு, தானும் அன்று காலை அங்கேதான் போயிருந்ததாகவும், வந்ததிலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் படுத்தே இருந்ததாகவும் சொன்னாள். பிறகு தன் துண்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குளித்து வந்தவளுக்குத் தன் தேங்காயெண்ணெய் பாட்டிலை நீட்டினாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அறைக்கு அது பெரிய உபகாரம். படுத்தபடி அந்த ஏப்ரல் 17-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். உள்நாட்டுப் போருக்கும் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கும் பயந்து கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களும் சேர்ந்து நகரத்தில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் இருந்தார்கள். சண்டை ஓய்ந்தது என்று தெருவில் நின்று கை தட்டியவர்களும் உண்டு. அன்றைக்கே உத்தரவு வந்தது: அமெரிக்கா குண்டு போடப் போகிறது, எல்லோரும் ஊரைக் காலி செய்யுங்கள், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம், அதிகம் எடுக்க வேண்டாம். ஏப்ரல் அங்கேயும் கொளுத்தும் மாதம். ஆஸ்பத்திரிகளையும் விடவில்லை, சலைன் பாட்டில் தொங்கும் கட்டிலோடு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு நான் கிளம்பினால் என்ன செய்வேன்? பால்காரரிடம் சொல்வேன். கேஸை மூடுவேன். மோட்டாரை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடிவந்து பார்ப்பேன். பீரோவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொள்வேன். கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்வேன். அவர்களும் இதைத்தானே செய்திருப்பார்கள். அந்த ரொக்கம் செல்லாது என்று தெரிய வெகுநேரம் ஆகியிருக்காது. புதிய ஆட்சி பணத்தையே ஒழித்துவிட்டது. தேசிய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016 நவம்பரில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊர் வாயெல்லாம் வாங்கியவன் நான். சில நோட்டுகள் செல்லாமல் போனதற்கே மக்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். எந்த நோட்டுமே செல்லாது என்றால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யப் பார்த்தேன். ஓடவில்லை.

பணம் போனது. சந்தை போனது. பள்ளிக்கூடம் போனது. பானை சட்டி பொதுவுக்குப் போனது. வீட்டில் உலை வைப்பது குற்றம், வயலோரம் ஒரு நண்டைப் பிடித்துத் தனியாகத் தின்றால் அதுவும் குற்றம். ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று இலக்கு வைத்தவர்கள், விளைவித்தவர்களுக்குப் பொதுக்கூடத்தில் ஊற்றியது பருக்கை தேட வேண்டிய கஞ்சி. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் ஜோடி ஜோடியாக நிறுத்திக் கட்சியின் பெயரால் கல்யாணம் செய்துவைத்தார்கள், ஐ.நா. துணையோடு அமைந்த நீதிமன்றம் 2018-இல் இதையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் சேர்த்தது. "என்னைக் கேட்டா கட்டி வெச்சாங்க?" என்று கல்யாண வீடுகளில் நான் வழக்கமாக விடும் ஜோக்கு ஒன்று உண்டு. அந்த ஊரில் இருந்தவரை அது வாயில் வரவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், முதலாளியை ஒழிப்பதாகச் சொல்லிக் கிளம்பியவர்கள் ஒழித்தது குடும்பஸ்தனை. சம்பளக் கவர், மளிகைப் பாக்கி, பீரோ சாவி, மூன்று வேளை உலை, பிள்ளையின் ரேங்க் கார்டு, மாப்பிள்ளை பார்ப்பது, பக்கத்து வீட்டாரோடு வம்பு: இவ்வளவுதான் எங்கள் ஜாதி. இதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் என்று கம்போடியர்கள் நாள் கணக்கோடு சொல்கிறார்கள். செத்தவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை. அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

1979 ஜனவரி 7-இல் வியட்நாம் படை உள்ளே வந்தபோது தலைநகரம் அநேகமாகக் காலியாகக் கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்கள் திரும்பினார்கள். பழைய வீட்டுக்காரர்களில் எத்தனையோ பேர் உயிரோடு இல்லை. இருந்தவர்களிடம் பத்திரம் இல்லை. நில ஆவணங்களையெல்லாம் கெமர் ரூஜ் அழித்துவிட்டது. காலி வீட்டில் யார் முதலில் நுழைந்தார்களோ அவர்கள் குடியேறினார்கள். சொந்த வீடு என்ற உரிமை சட்டப்படி திரும்பி வந்தது 1989-இல்தான். இந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. காம்பவுண்டு சுவரில் அரையடிக்காக இடப்பக்கத்து வீட்டாரோடு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பவன் நான். பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்தே ஒப்பிப்பேன். ஒரு தலைநகரமே வில்லங்கச் சான்று இல்லாமல் மறுபடி குடியேறியிருக்கிறது! புனோம் பென்னில் தெருக்களுக்கு எண் ஒழுங்காக இருக்கும், வீடுகளுக்கு இருக்காது. 15-க்குப் பக்கத்தில் 72 இருக்கும். டிரைவர் விலாசம் தேடித் தெருவை இரண்டு தடவை சுற்றினால் நான் முணுமுணுப்பது வழக்கம். அதன் பிறகு முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய், சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அந்தக் காலி நகரத்தில் இன்று 20 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். காலையில் ஆற்றங்கரைக் கஞ்சிக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அதே கஞ்சிதான், இப்போது கெட்டியாக, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு. எனக்காகக் கோழியில்லாமல் கேட்டேன். மீன் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி அதைத் திருப்பிக் கொடுக்கப் போக, கடைக்கார அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சண்டைக்கு வந்தார். பாஷை புரியவில்லை. ஆனால் தொனி எங்கள் தெருக் காய்க்காரம்மாளின் தொனி: வாங்கினா வாங்கு, வாங்காட்டி போ, காலங்காத்தால வந்துட்டாங்க. எனக்கு அதைக் கேட்கக் கேட்க மனசு நிறைந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் மகனுடைய மார்க்கைப் பற்றித்தான் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். பையனின் பள்ளிச் சீருடையும் தொங்கிய தலையும் மொழிபெயர்ப்புக்கு அவசியம் வைக்கவில்லை. குடும்பஸ்தன் திரும்பி வந்துவிட்டான்.

கடைசியாக ரஷ்யச் சந்தை. 1980-களில் ஊரில் இருந்த ரஷ்யர்கள் அங்கே வாங்கியதால் அந்தப் பெயர். அங்கே என் தொழில் புத்தி என்னை ஒரு பழைய நோட்டுக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டது. கெமர் ரூஜ் பணத்தை ஒழித்தது என்றேன் அல்லவா? ஒழிப்பதற்கு முன் சொந்த நோட்டும் அச்சடித்து வைத்திருந்தது. புழக்கத்துக்கு விடவேயில்லை. அறுவடை செய்யும் பெண்களும் துப்பாக்கி பிடித்த வீரர்களுமாக அந்த நோட்டு கடையில் தொங்குகிறது. அதில் இருந்த கெமர் எழுத்து நம் பல்லவர் கால எழுத்தின் வழி வந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் எங்கோ பார்த்த சாடை. அசல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நெருடி, ஓரத்தைப் பார்த்து, கவுண்டரில் செய்ததெல்லாம் செய்தேன். கடைக்காரப் பெண் அலுப்போடு காத்திருந்தாள். பிறகு விலை சொன்னாள். பாதிக்குக் கேட்டேன். சிரித்தாள். போவதுபோல் நடந்தேன். கூப்பிட்டாள். ஆட்டோவில் கிடைக்காமல் போன சந்தோஷமெல்லாம் அங்கே வட்டியோடு கிடைத்தது. பணமில்லாத உலகத்தைக் கட்டப் பார்த்தவர்களின் நோட்டுக்குப் பேரம் படிந்தது மூன்று டாலருக்கு. நான் நீட்டிய டாலரில் ஓரம் மயிரிழை கிழிந்திருக்கிறது என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு நோட்டு கேட்டாள். ஆயுள் முழுவதும் கிழிந்த நோட்டை நான் எத்தனை பேரிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன்!

"செல்லாத நோட்டுக்கு நல்ல நோட்டைக் கொடுத்துட்டு வர்ற பேங்க்காரரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

1980 மார்ச் 20-இல் ரியெல் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. அதுவரை கடைத்தெருவில் அரிசியைத்தான் அளந்து கொடுத்து வாங்கினார்கள். இன்று ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல் வருகிறது. ஊரில் இரண்டும் செல்லும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிழியாத, மடங்காத டாலராக எடுத்துப் போங்கள். மூத்த குடிமக்கள் லோயர் பெர்த்தை முன்பதிவின்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் பேரம் பேசாமல் எதையும் வாங்காதீர்கள், அப்படி வாங்குவது அவர்களுக்கும் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. துவோல் ஸ்லெங் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்ததும் குளிப்பதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.